பாதைகள் மாற்றிய நிலம்: தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும்

மேற்கே கேரள எல்லை மலைகளுக்கும் கிழக்கே மேகமலைக்கும் இடையில் அமைந்த நீண்ட சமவெளி கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் இதில் வரிசையாக உள்ளன. பள்ளத்தாக்கின் வடகிழக்கு வாயிலில் இருப்பது தேனி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தேனி அல்லிநகரம் நகராட்சியில் சுமார் 94 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். பழம்பெருமை கொண்ட பெரியகுளத்தில் வாழ்ந்தவர்கள் சுமார் 43 ஆயிரம் பேர். ஒரு காலத்தில் பெரியகுளம் வட்டத்தைச் சேர்ந்த சிற்றூராக இருந்த தேனி அதனை எப்படி முந்தியது? இந்த வளர்ச்சிக்கு நிலம் கொடுத்த விலை என்ன?

ஆற்றை ஒட்டிய ஊர்கள்

இப்பகுதியின் பழைய ஊர்கள் நீரைத் தேடி அமைந்தவை. 2006-இல் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள், வைகையின் மேற்பகுதியில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் வாழ்ந்ததைக் காட்டுகின்றன. சின்னமனூரின் பழம்பெயர் அரிகேசரிநல்லூர். அங்குக் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் தமிழக வரலாற்றின் முக்கியச் சான்றுகளுள் ஒன்று. உத்தமபாளையத்தில் பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்கள் உள்ளன. பாண்டிய நாட்டுச் சமவெளியிலிருந்து சேர நாட்டு மலைக்கு ஏறும் வழியும் ஆற்றின் போக்கைத் தொடர்ந்தே சென்றது. அன்று ஊர், வயல், வழி மூன்றும் நீரை ஒட்டியே இருந்தன.

முல்லைப் பெரியாறு அணை 1887-இல் தொடங்கி 1895-இல் முடிக்கப்பட்டது. கர்னல் ஜான் பென்னிகுயிக் கட்டிய இந்த அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பள்ளத்தாக்கில் இறங்கியது. லோயர்கேம்ப் முதல் தேனியை அடுத்த பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது இந்த நீரால்தான். ஆயக்கட்டின் கடைசி எல்லை பழனிசெட்டிபட்டி என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரயில் தேர்ந்தெடுத்த ஊர்

இரயில் வருவதற்கு முன், மூணாறு மலைத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டன. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூருக்கும், பின்னர் அம்மையநாயக்கனூர் இரயில் நிலையத்துக்கும் சென்றன. இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையம்தான் அது. தேனிப் பக்கத்திலிருந்து அங்குச் செல்லும் சாலையில் பெரியகுளம் இருந்ததால், போக்குவரத்தின் பயன் அவ்வூருக்குக் கிடைத்தது.

1928-இல் மதுரை–போடிநாயக்கனூர் இரயில் பாதை திறக்கப்பட்டது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகச் சென்ற அப்பாதை பெரியகுளத்தைத் தொடவில்லை. மதுரை, பெரியகுளம், கம்பம், போடி ஆகிய திசைகளின் சாலைகள் கூடும் இடமாக இருந்த தேனிக்கு இரயிலும் வந்தது. சரக்கை இறக்கவும் ஏற்றவும் விற்கவும் வசதியான இடமாகத் தேனி மாறியது. சந்தையும் கடைகளும் பெருகின. 1996-இல் மதுரை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது தேனியே புதிய மாவட்டத்தின் தலைநகரானது.

அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் இரயில் நிறுத்தப்பட்டது. மீண்டும் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் இரயில் வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் பேருந்தும் லாரியுமே மாவட்டத்தின் போக்குவரத்தைத் தாங்கின. நகரமும் இரயில் நிலையத்தை விட்டுச் சாலைகளை ஒட்டியே நீண்டது.

புறவழிச்சாலையும் வயல்களும்

பழைய நெடுஞ்சாலை ஊர்களின் கடைவீதி வழியாகவே சென்றது. நெரிசலைத் தவிர்க்கத் திண்டுக்கல்–குமுளி சாலையில் புறவழிச்சாலைகள் அமைக்கப்பட்டன. அவற்றால் பயண நேரம் குறைந்தது. விபத்தில் அடிபட்டவரை கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டு செல்ல முடிகிறது. இந்த நன்மைகளை மறுக்க முடியாது.

ஆனால் ஊருக்கு வெளியே போகும் சாலை வயல்களின் வழியே போகிறது. சாலை வந்தவுடன் அதன் இருபுறமும் நிலத்தின் விலை ஏறுகிறது. வயல் மண் கொட்டி மேடாக்கப்படுகிறது, எல்லைக்கல் ஊன்றப்படுகிறது, அது மனைப்பிரிவாகிறது. நஞ்சையில் நீர் வாய்க்காலிலிருந்து வயலுக்கு வயல் பாய்வது. நடுவில் ஒருவர் தம் வயலை மேடாக்கினால் கீழே உள்ளவருக்குத் தண்ணீர் எட்டாது. அவரும் சில ஆண்டுகளில் விற்றுவிடுகிறார். இவ்வாறு ஆயக்கட்டு பெரும்பாலும் கடைமடையிலிருந்தே தேய்கிறது. தேனியின் புறநகர் வளர்வதும் அந்தக் கடைமடையான பழனிசெட்டிபட்டிப் பக்கமே.

நகருக்குள்ளும் இதே நிலைதான். கொட்டகுடி ஆற்று நீரைக் கண்மாய்க்குக் கொண்டு சென்ற ராஜவாய்க்கால், இன்று கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. வாய்க்கால் அடைபட்டால் கண்மாய்க்கு நீர் போகாது. மழைநீர் தெருவில் நிற்கும்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. அனுமதியற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தடை விதித்தது. அதற்கு முன் உருவானவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. எனினும் மனையான வயல் மீண்டும் வயலாவதில்லை.

நிலத்தைப் படித்தல்

கோயிலும் கல்வெட்டும் மட்டும் வரலாற்றுச் சின்னங்கள் அல்ல. வாய்க்கால், மடை, கண்மாய்க்கரை, வண்டிப்பாதை ஆகியவையும் வரலாற்றுச் சின்னங்களே. செப்பேட்டை அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கலாம். வாய்க்காலைப் பயன்படுத்தித்தான் காக்க முடியும். தேனியின் புறவழிச்சாலையில் உள்ள புதிய பேருந்து நிலையத்துக்குப் பென்னிகுயிக்கின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் கொண்டு வந்த நீர் கடைமடை வரை பாய வழிவிடுவதும் அவருக்குச் செய்யும் மரியாதையே.

இப்பகுதி மாணவர்கள் தம் ஊரின் பழைய கிராம வரைபடத்தை எடுத்து, அதில் வாய்க்கால் எனக் குறித்த கோட்டின் வழியே ஒருநாள் நடந்து பார்க்கலாம். அது எங்கே தெருவாகிறது, எங்கே சுவராகிறது, எங்கே இன்னும் நீர் ஓடுகிறது என்று குறித்து வைத்தால், அந்தக் குறிப்பே அவ்வூரின் நூறாண்டு வரலாறாக அமையும்.