ரெட் ஹவுஸ்: முதல் நவீன வீடா?

லண்டனுக்குத் தென்கிழக்கே, பெக்ஸ்லிஹீத்தில் ஒரு செங்கல் வீடு இருக்கிறது. பேரே ரெட் ஹவுஸ்தான். கட்டடக்கலை வரலாற்றில் நவீன வீட்டுக்கு முதல் உதாரணமாக இதைக் காட்டுவார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்ததில் பெரிய பங்கு ஹெர்மன் முத்தேசியஸுக்கு. லண்டன் ஜெர்மன் தூதரகத்தில் இருந்தவர். இங்கிலாந்து வீடுகளைப் பற்றி 1904-ல் பெரிய புத்தகமே எழுதினார். பட்டம் சரிதானா என்று பார்ப்போம்.

வீடு வில்லியம் மோரிஸுக்காகக் கட்டியது. வரைந்தவர் ஃபிலிப் வெப். 1859-ல் மோரிஸுக்கு 25 வயது, வெப்புக்கு 28. அன்றைக்கு வசதியானவர்கள் வீடு என்றால் செங்கல்மேல் சாந்து பூசி, கல் மாதிரி காட்டுவது வழக்கம். வெப் பூசவே இல்லை. எல் வடிவத்தில் அறைகள், செங்குத்தான ஓட்டுக் கூரை, வளைவில் ஒரு கிணறு.

எனக்குப் பிடித்தது ஜன்னல்கள்தான். உயரமான ஜன்னல், வட்ட ஜன்னல், கூரையில் துருத்தும் ஜன்னல் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். உள்ளே அந்த அறைக்கு என்ன வெளிச்சம் வேணுமோ அதை வைத்துத்தான் ஜன்னல். வெளியே சமச்சீராகத் தெரிகிறதா என்பது ரெண்டாம் பட்சம். எங்கள் பாஷையில் சொன்னால், முதலில் தேவை, அப்புறம்தான் ஸ்க்ரீன்.

ஆனால் இது வெப் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. அவர் ஜி. இ. ஸ்ட்ரீட்டிடம் வேலை பார்த்தவர். மெய்டன்ஹெட் பக்கம் பாய்ன் ஹில்லில் 1850-களிலேயே ஸ்ட்ரீட் சிவப்புச் செங்கல்லில் தேவாலயமும் பாதிரியார் வீடும் கட்டிவிட்டார். பட்டர்ஃபீல்டும் அதற்கு முன்பே சமச்சீர் பார்க்காத பாதிரியார் வீடுகளைக் கட்டியிருக்கிறார். ஆக, பாதிரியார் வீட்டுக்கு இருந்த பாணியை ஒரு கலைஞனின் வீட்டுக்குக் கொண்டுவந்தார் வெப். அவ்வளவுதான்.

அப்போ புதுசு என்ன? சுவர், கூரை, மேஜை, கண்ணாடி எல்லாம் ஒரே மனசிலிருந்து வரணும் என்ற பிடிவாதம். கடையில் பிடித்த சாமான் கிடைக்காமல், பர்ன்-ஜோன்ஸ், ரொசெட்டி போன்ற நண்பர்களோடு சேர்ந்து மோரிஸே அலங்கரித்தார். அந்த அனுபவத்தில்தான் 1861-ல் அவர்களுடைய அலங்காரக் கம்பெனி பிறந்தது.

தேவையைப் பார்த்துக் கட்டிய வீட்டில் ஒரு பெரிய தேவை விடுபட்டது. அந்த ஊரில் வெயில் தெற்கிலிருந்து வரும். முக்கிய அறைகளோ வடக்கு நோக்கி. குளிர் தாங்கலை. 1864-ல் மோரிஸுக்குக் கடும் காய்ச்சல்; லண்டனுக்குத் தினம் போய்வருவதும் பாரம். 1865-ல் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். அஞ்சே வருஷம்.

என் முடிவு: முதல் நவீன வீடு என்ற பட்டம் மிகை. ஆனால் உள்ளிருந்து வெளியே யோசித்த வீடு என்பதில் சந்தேகமில்லை. 2003-லிருந்து நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம். போனால் முதலில் ஜன்னல்களை எண்ணுங்கள்.