ஆபரேஷன் தியேட்டரிலேயே கதிர்வீச்சு: ஒரே நாளில் முடிந்துவிடுமா மார்பகப் புற்றுநோய் சிகிச்சை?

மார்பகத்தை முழுவதும் எடுக்காமல், புற்றுநோய்க் கட்டியை மட்டும் அகற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அத்தோடு வேலை முடிந்துவிடுவதில்லை. காயம் ஆறிய பிறகு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று வாரம், சிலருக்கு ஐந்தாறு வாரம் வரை கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போய்வர வேண்டியிருக்கும். மெஷினில் படுத்திருப்பது என்னவோ சில நிமிடங்கள்தான். ஆனால் பஸ் பிடிப்பது, துணைக்கு ஆள் தேடுவது, வேலைக்கு லீவு போடுவது என அலைச்சல்தான் அதிகம். சிகிச்சை மையம் தொலைவில் இருக்கிறது என்பதற்காகவே மார்பகத்தை முழுவதும் எடுத்துவிடச் சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள்.

இந்த அலைச்சலுக்கு மாற்றாகப் பேசப்படுவதுதான் ஐஓஆர்டி. அதாவது, அறுவை சிகிச்சை நடக்கும்போதே, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே கொடுக்கப்படும் கதிர்வீச்சு. யோசனை புதிதல்ல. 1960களிலேயே ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவர்கள் வயிற்றுப் பகுதிப் புற்றுநோய்களுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். வயிறு திறந்திருக்கும்போது குடலை ஒதுக்கி வைத்துவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் கதிர்வீச்சைப் பாய்ச்சலாம் என்பதே இதன் லாபம்.

தியேட்டருக்குள் என்ன நடக்கிறது?

மார்பகப் புற்றுநோய் திரும்ப வந்தால், பெரும்பாலும் கட்டி இருந்த இடத்தை ஒட்டியே வருகிறது. அதனால் அந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்தால் போதாதா என்ற கேள்வி எழுந்தது.

லண்டனில் 1998இல் தொடங்கிய டார்கிட் முறையில், கட்டியை எடுத்ததும் உண்டாகும் குழிக்குள் ஒரு சின்ன உருண்டையை வைக்கிறார்கள். அதன் நடுவிலிருந்து குறைந்த ஆற்றல் எக்ஸ்ரே கதிர்கள் வெளிவரும். உருண்டையை ஒட்டிய திசுவுக்கு சுமார் 20 கிரே அளவு கிடைக்கும். ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனாலே அது 5 முதல் 7 கிரேவாக இறங்கிவிடும். அரை மணி நேரம், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். பிறகு உருண்டையை எடுத்துவிட்டுத் தையல் போடுகிறார்கள்.

இத்தாலியின் மிலன் நகரில் உருவான எலியட் முறையில் எக்ஸ்ரேவுக்குப் பதில் எலக்ட்ரான் கதிர்கள். ஒரே தவணையில் 21 கிரே. விலா எலும்பு, நுரையீரல், இதயம் பாதிக்கப்படாமல் இருக்க, மார்பகத் திசுவுக்குப் பின்னால் உலோகத் தகடு ஒன்றைச் செருகிவிடுவார்கள்.

பலன் கிடைத்ததா?

பதில் ஒரே மாதிரி இல்லை. டார்கிட் ஆய்வில் 45 வயதைத் தாண்டிய 2,298 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியவர்கள், தியேட்டரிலேயே கதிர்வீச்சு பெற்ற பிரிவில் 2.11 சதவீதம், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 0.95 சதவீதம். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் இருக்கிறது. ஒட்டுமொத்த உயிர்பிழைப்பில் பெரிய மாறுதல் இல்லை.

மிலன் ஆய்வின் எண்கள்தான் யோசிக்க வைக்கின்றன. 1,305 பெண்களைப் பின்தொடர்ந்ததில், 15 ஆண்டுகளில் நோய் அதே மார்பகத்தில் திரும்பியது ஒரே தவணைப் பிரிவில் 12.6 சதவீதம் பேருக்கு. வழக்கமான பிரிவில் 2.4 சதவீதம்தான். இங்கும் உயிர்பிழைப்பில் வேறுபாடு தெரியவில்லை. இருந்தாலும் நோய் திரும்பினால் மறுபடி ஆபரேஷன், மறுபடி பயம். அதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

இதே ஆய்வின் முதல் ஐந்து ஆண்டுக் கணக்கில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நிணநீர்க் கணுக்களில் பரவியது, வேகமாக வளரும் வகை, டிரிபிள் நெகட்டிவ் வகை என ஏதாவது ஒரு ஆபத்து இருந்தவர்களில் 11.3 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. எதுவும் இல்லாதவர்களில் 1.5 சதவீதம் மட்டுமே. ஆக, எல்லோருக்குமான சிகிச்சை அல்ல இது. வயது கூடியவர்கள், சின்னக் கட்டி, கணுக்களில் பரவாத நோய் உள்ளவர்களுக்கே டாக்டர்கள் இதை யோசிக்கிறார்கள்.

இதற்கிடையில் வழக்கமான சிகிச்சையும் சுருங்கிவிட்டது. பிரிட்டனின் ஃபாஸ்ட் ஃபார்வர்டு ஆய்வு, மூன்று வாரம் கொடுப்பதை ஒரே வாரத்தில் ஐந்து தவணையாகக் கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று 2020இல் காட்டியது. அதற்கு முன்பே, 2018இல், பிரிட்டனின் நைஸ் அமைப்பு டார்கிட் கருவியைப் புதிதாக வாங்கிப் பரவலாகப் பயன்படுத்தப் பரிந்துரைக்க மறுத்துவிட்டது. ஏற்கெனவே கருவி வைத்திருந்த மையங்களில் மட்டும் நிபந்தனைகளோடு தொடர அனுமதித்தது.

இதில் நோயாளிகளுக்குப் பல நேரம் சொல்லப்படாத விஷயம் ஒன்று உண்டு. தியேட்டரில் கதிர்வீச்சு கொடுக்கும்போது, வெட்டி எடுத்த கட்டியின் முழுப் பரிசோதனை ரிப்போர்ட் கையில் இருக்காது. அது சில நாள் கழித்துத்தான் வரும். ஆபத்தான அறிகுறி எதுவும் ரிப்போர்ட்டில் தெரிந்தால், வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சுக்கும் போய்த்தான் ஆக வேண்டும். தியேட்டரில் கொடுத்தது அதற்கான கூடுதல் டோஸாகக் கணக்கில் சேரும். டார்கிட் ஆய்விலேயே ஐந்தில் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது.