முத்துச் சலாபத்தில் ஒரு திருட்டு நாடகம்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்புக் காலத்தைச் சலாபம் என்பர். இலங்கைப் பக்கம் அரிப்பு, கொண்டச்சிக் கரைகளில் சலாபம் கூடிய காலத்தில் கீழக்கரைக் குளியாளிகளும் கடல் தாண்டிப் போவார்கள்.

எடுத்த சிப்பிகளை அழுகவிட்டு, தோணி போன்ற மரத்தொட்டியில் கடல்நீர் ஊற்றி அலசி முத்தைப் பிரிப்பர். குடலைப் புரட்டும் அந்த நாற்றத்திலும் கங்காணிகள் கூலிகளின் கைகளை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார்கள். முத்தை விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தால் ஆளை அடைத்துவைத்துப் பேதிமருந்து கொடுத்ததும் உண்டு.

இந்தக் காவலை வென்ற தந்திரம் ஒன்றை பிரிட்டிஷ் படை அதிகாரி ராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியான தம் இலங்கை நூலில் விவரிக்கிறார். பெரிய முத்து கண்ணில் பட்டதும் ஒருவன் கூட்டாளிக்குச் சைகை காட்டுவான். கூட்டாளி ஓர் அற்ப முத்தை எல்லாரும் பார்க்கும்படி திருடி மாட்டிக்கொள்வான். அடி, கூச்சல், அமளி. அதற்குள் பெரிய முத்து மறைந்துவிடும்; பங்கு பிறகு. 'தி பிங்க் பாந்தர்' (1963) வகை நகைத்திருட்டு நகைச்சுவைப் படங்களின் ஈர்ப்பும் இங்கேதான் இருக்கிறது: காவலன் ஏமாறுவதைப் பார்வையாளர் முன்கூட்டியே அறிந்து ரசிக்கிறார். சலாபக் கூலிக்கு விழுந்த அடி மட்டும் நடிப்பல்ல.

இந்தியப் பக்கம், தூத்துக்குடிக் கடலில் சலாபம் 1961உடன் நின்றுபோனது.