கிற்றார் பிக்: உங்கள் கைக்கு எது பொருந்தும்?

கிற்றார் தந்திகளை மீட்டப் பயன்படும் சிறு தகடே 'பிக்'. அதனைத் தெரிவு செய்யும்போது முதலில் தடிப்பைக் கவனிக்க வேண்டும்.

பாடலுக்குத் துணையாக எல்லாத் தந்திகளையும் ஒருசேர வருடி வாசிப்போருக்கு 0.6 மில்லிமீற்றருக்கு உட்பட்ட மெல்லிய பிக் ஏற்றது. அது வளைந்து கொடுப்பதால் ஓசை மென்மையாக இருக்கும். தனித்தனிச் சுரங்களாக மெட்டு வாசிப்போருக்கு 1 மில்லிமீற்றர் அளவிலான தடித்த பிக் வேண்டும். அது வளையாததால் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கும். இரண்டையும் பழகுவோர் 0.7 அளவில் தொடங்கலாம். வியர்க்கும் கைகளுக்குச் சொரசொரப்பான மேற்பரப்புள்ள நைலோன் பிக் நல்லது, எளிதில் வழுக்காது.

மீட்டும் கையில் காயத்தினால் விரல் இழந்தவர்களும் பிடிமானம் குறைந்தவர்களும் கிற்றாரைக் கைவிட வேண்டியதில்லை. பெருவிரலில் மோதிரம் போல அணியும் பிக்கும் உண்டு. அதனை மற்ற விரல்களால் இறுகப் பிடிக்கத் தேவையில்லை. அமெரிக்கக் கிற்றார் கலைஞர் ஜெரி கார்சியா நான்கு வயதில் வலது நடுவிரலின் பெரும்பகுதியை இழந்தவர். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிக்கைப் பிடித்தே அவர் உலகறிய வாசித்தார்.

பிக்கின் விலை குறைவு. இரண்டு மூன்று தடிப்புகளில் வாங்கி, ஒரே பாடலை ஒவ்வொன்றாலும் வாசித்துப் பாருங்கள். மணிக்கட்டு இறுகாமல், வலியின்றி வாசிக்க முடிகின்ற பிக்கே உங்களுக்குரியது.