ஒரு பைசாத் தாளும் கடல் கடந்த சனமும்

ரூபாய்க்கு 64 பைசா இருந்த காலம். 1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை ராயப்பேட்டையிலிருந்து நாலு பக்கத் தாள் ஒன்று வெளியே வந்தது. விலையையே பெயராகப் போட்டுக்கொண்ட தாள்: ‘ஒரு பைசாத் தமிழன்’. நடத்தியவர் சித்த மருத்துவர், தமிழோடு பாலி, சமஸ்கிருதம், ஆங்கிலம் அறிந்தவர், 1898இல் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவித் திரும்பியவர், க. அயோத்திதாசப் பண்டிதர். 1908 ஆகஸ்ட் 26 முதல் அது ‘தமிழன்’ ஆனது. 1914 மே 5இல் அவர் இறக்கும்வரை புதன்கிழமைதோறும் வந்தது.

நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது இதழியல் வரலாறு என்று ஒரு தாள் இருந்தது. அதில் ‘சுதேசமித்திரன்’ இருந்தது, ‘இந்தியா’ இருந்தது. ‘தமிழன்’ இல்லை. எந்தச் சொல்லால் நம்மை இழிவுபடுத்தினார்களோ அந்தச் சொல்லையே தலைப்பாக்கி 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய ‘பறையன்’ இல்லவே இல்லை. கேட்டா, அதெல்லாம் சாதிப் பத்திரிகைம்பாக. மத்ததெல்லாம் என்ன பத்திரிகையாம்?

நான் இங்கே எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. எழுத்தே மறுக்கப்பட்டிருந்த சனத்துக்கு நடத்தப்பட்ட ஒரு பத்திரிகையை, வாரம் தவறாமல் யார் காசு கொடுத்து வாங்கினார்கள்?

இதற்குப் பதில் கிராமத்துச் சேரியில் கிடைக்காது. எங்க சேத்தூர்ப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மேற்கே மலை, அடிவாரத்தில் கண்மாய், வயல், நடுவில் ஜமீன் அரண்மனை. இங்கே தமிழ் என்றால் அரண்மனைத் தமிழ்தான். சேற்றூர் சமஸ்தானத்துக் கவிராயர் பரம்பரை என்று இலக்கிய வரலாறு பெருமையோடு குறிப்பிடும். அந்தக் கவிராயர்களுக்கு நெல் அறுத்துக் களம் சேர்த்தவங்க கூலி வாங்குனது நெல்லாவும் கம்பாவும்தான். நெல்லைக் கொடுத்துப் பத்திரிகைக்குச் சந்தா கட்ட முடியுமா? தபால்காரன் சேரிக்குள்ள காலெடுத்து வைப்பானா? பைசா கையில் புழங்காத இடத்தில் ஒரு பைசாத் தாளும் நுழையாது. கூலியைத் தானியமாக அளந்ததில் இந்தச் சூதும் அடங்கியிருக்கிறது.

ஆக, ‘தமிழன்’ பத்திரிகையைத் தாங்கியவர்களில் பெரும்பகுதியினர் ஊரைவிட்டுப் போனவர்கள். கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டியது. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய் இறங்கினார்கள். உயிரைக் குடிக்கிற வேலைதான், ஆனால் கூலி காசாக வந்தது. லைன் வீட்டுக்கு ஒரு விலாசம் இருந்தது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சாக்கிய பௌத்த சங்கக் கிளைகள் எழுந்தன. பெங்களூர், திருப்பத்தூர், கடல் தாண்டி ரங்கூன், அதையும் தாண்டி தென்னாப்பிரிக்காவின் நேட்டால் வரை அந்தச் சங்கிலி நீண்டது. நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்துதான் 1860இல் புறப்பட்டது. 1911இல் அந்த முறை நிற்பதற்குள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் கொண்டுபோகப்பட்டார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய அதே கடல்வழியில், பின்னால், ராயப்பேட்டைத் தாளும் போனது.

போனது மட்டுமல்ல, திரும்பியும் வந்தது. இதுதான் முக்கியம். ‘தமிழன்’ பக்கங்களில் வாசகர் கேட்ட சந்தேகங்களும் பண்டிதரின் விளக்கங்களும் வந்துகொண்டே இருந்தன. இந்தப் பண்டிகை யாருடையது, இந்தச் சடங்கு எங்கிருந்து வந்தது, சாதிப்பெயர் எப்படி ஒட்டியது என்று கேட்கக் கேட்க அவர் எழுதினார். ‘இந்திரர் தேச சரித்திரம்’ என்ற மாற்று வரலாறே அதில் தொடராக வந்ததுதான். எழுத்துத் தெரிஞ்ச ஒருத்தர் சத்தமா வாசிக்க, சுத்தி உக்காந்து பத்துப் பேர் கேக்க, அதிலிருந்து ஒரு கேள்வி கிளம்பி அடுத்த தபால்ல போகும். படித்தவன் எழுதுகிறவன் என்ற பிரிவினையை இப்படித்தான் அவர்கள் உடைத்தார்கள்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நமக்கு நாமே பொய் சொல்கிறோம் என்றாகும். பண்டிதர் ‘தாழ்த்தப்பட்டோர்’ வேறு, ‘தாழ்ந்தோர்’ வேறு என்று பிரித்தார். அருந்ததியரையும் குறவரையும் வில்லியரையும் இரண்டாவது பட்டியலில் தள்ளினார். கடல் தாண்டி நீண்ட கை, அடுத்த தெருவுக்கு நீளவில்லை. எங்க பக்கத்தில் அருந்ததியத் தோழர்கள் இதைக் கோபத்தோடு கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். பண்டிதரை மீட்டெடுப்பது என்பது இந்தக் கேள்வியையும் சேர்த்தே மீட்டெடுப்பதுதான்.

கடல் கடந்து கைநீட்டுவது நம் மரபுக்குப் புதிதல்ல. ஜோதிராவ் பூலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’யை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் படி கேட்டு டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் போட்டார். அதே ஆண்டு ஜூலையில் டுபாய்ஸ் பதில் எழுதினார். நம்மாளு ஒருத்தர் பம்பாய்ப் பக்கமிருந்து கேட்க, நியூயார்க்கிலிருந்து ஒருத்தர் பதில் சொல்றாரு. யாரும் யாருக்கும் இரக்கப்படவில்லை. இரண்டு பக்கமும் படிப்பவர்கள், இரண்டு பக்கமும் எழுதுபவர்கள்.

இந்த இடத்தில்தான் எங்க பக்கத்துக் கதை வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பை ஒட்டிய புதுப்பட்டி. அங்கே பிறந்த பாமா 1992இல் ‘கருக்கு’ எழுதினார். மதுரையில் சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம் வெளியிட்டது. எங்க அப்பத்தாக்கள் பேசுற பேச்சு அப்படியே அச்சில் ஏறியது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலமாக்கி 2000இல் வெளிவந்தது, கிராஸ்வேர்ட் விருதும் பெற்றது. தலைப்பை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. பனைமட்டையின் ரம்பப் பல்லுக்கு அவர்கள் மொழியில் ஏது பேர்? ஆகவே ‘கருக்கு’ என்றே உலகம் சொல்லக் கற்றுக்கொண்டது. இதில் எனக்கு அளவில்லாத சந்தோசம்.

ஆனாலும் ஒரு நெருடல் உண்டு. ‘கருக்கு’ வெளிநாட்டு வகுப்பறைகளுக்குப் போனது, நம்மைப் பற்றிப் படித்தார்கள், ஆய்வேடுகள் எழுதினார்கள். அந்த ஆய்வேடு ஒன்றாவது புதுப்பட்டித் தெருவுக்கு வந்து, வாசித்துக் காட்டப்பட்டு, “இது தப்பு, இப்படி இல்ல”ன்னு ஒரு கிழவி மறுத்துச் சொல்ல இடம் கிடைச்சதா? ‘தமிழன்’ காலத்துத் தபால் இருவழிப் பாதை. இப்போது நம்முடைய வலி ஏற்றுமதியாகிறது, இறக்குமதி என்று ஒன்றும் காணோம்.

அதே புதுப்பட்டியில் பிறந்த ராஜ் கௌதமன் (2024 நவம்பரில் மறைந்தார்) அயோத்திதாசரைப் பற்றி விரிவான ஆய்வு நூல் எழுதினார். அவருக்கும் நமக்கும் அது சாத்தியமானதற்குக் காரணம், ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் கொண்டுவந்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’. அந்தத் தொகுதிகளுக்கான ‘தமிழன்’ தாள்கள் பல்கலைக்கழகப் பீரோவிலிருந்து வரவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் வைத்துக் கட்டிக்காத்தவை. பணம் கொடுத்து வாங்கினவன் மகன், பேரன்னு கைமாறிக் காப்பாத்துன சொத்து.

தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 1926இல் ‘தமிழ’னை மறுபடி எழுப்பினார். அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. இப்ப அங்கிருந்து சனம் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகுது. லைன் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. எங்க பக்கத்திலும் 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டிச்சீமையிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுப் பரணில் தகரப்பெட்டிகள் கிடக்கின்றன. உள்ளே கடுதாசி, தோட்டத்துச் சீட்டு, சங்க நோட்டீஸ் என்று என்னென்னவோ இருக்கும். பழைய பேப்பர்க்காரன் தராசோட தெருவுக்கு வர்றதுக்குள்ள அந்தப் பெட்டியத் தெறந்து பாத்துருங்க.