கூட்டாட்சி பற்றிப் பேசிய அம்பேத்கர்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதத்தில், ஒரு கல்லூரியின் அரசியல் அறிவியல் துறை நடத்திய கருத்தரங்கத்தில் பேசப் போயிருந்தேன். காலை அமர்வின் தலைப்பு இந்தியக் கூட்டாட்சி. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் பேசினார். பிற்பகல் அமர்வு எனக்கு: 'ஒடுக்கப்பட்டோரின் அனுபவங்கள்'. சாப்பாட்டு நேரத்தில் துறையைச் சேர்ந்த ஒருவர் அன்பாகத்தான் சொன்னார்: "நீங்க தியரிக்கெல்லாம் போக வேண்டாம் தோழர். உங்க ஊர்ல நடந்ததைச் சொன்னாப் போதும், பிள்ளைங்க மனசுல பதியும்."

எனக்கு 1939 நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டு ஜனவரி 29 அன்று, புனேயில் கோகலே அரசியல், பொருளாதார நிறுவனத்தின் ஆண்டு விழா. காலே நினைவுச் சொற்பொழிவை ஆற்றியவர் பாபாசாகேப். அப்போது அவர் பம்பாய் சட்டமன்ற உறுப்பினர், சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் தலைவர். மகாடும் காலாராம் கோயில் போராட்டமும் நடத்தியவர். தன் அனுபவத்தைச் சொல்லியே அரங்கைக் கலங்கடித்திருக்க முடியும். அவர் எடுத்துக்கொண்ட பொருளோ 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் முன்வைத்த கூட்டாட்சித் திட்டம். 'ஃபெடரேஷன் வெர்சஸ் ஃப்ரீடம்' என்று தலைப்பு. கூட்டாட்சியா, விடுதலையா என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

புனேயில் பேசியதை ஆலங்குடிப் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும்? காரணம் இருக்கிறது. அன்றைக்கு நம் ஊர் பிரிட்டிஷ் இந்தியாவில் இல்லை. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஒன்று ஆலங்குடி. மற்ற இரண்டும் திருமயம், குளத்தூர். தொண்டைமான் மன்னரின் ஆட்சி. பாபாசாகேப் புனேயில் பிரித்து மேய்ந்தது நம்மைப் போன்ற சமஸ்தானத்து மக்களின் கதியைத்தான்.

திட்டம் இதுதான். மத்தியில் இரண்டு அவைகள். கீழவையின் 375 இடங்களில் 125 சமஸ்தானங்களுக்கு; மேலவையின் 260 இடங்களில் 104 சமஸ்தானங்களுக்கு. பிரிட்டிஷ் இந்தியாவின் பிரதிநிதிகள், குறுகிய வாக்குரிமைதான் என்றாலும், தேர்தல் வழியாக வருவார்கள். சமஸ்தானங்களின் பிரதிநிதிகளை மன்னர்கள் நியமிப்பார்கள். கீழவையில் மூன்றில் ஒரு பங்கு, மேலவையில் ஐந்தில் இரண்டு பங்கு மன்னர்களின் ஆட்கள்! அந்த மன்னர்களின் குடுமியோ பிரிட்டிஷ் மேலாதிக்கத்தின் கையில். நியமன உறுப்பினர் மன்னருக்குக் கட்டுப்பட்டவர், மன்னர் வெள்ளையருக்குக் கட்டுப்பட்டவர். அப்படியானால் அந்த அவையில் ஓட்டுப் போடப்போவது உண்மையில் யார்? பாபாசாகேப்பின் வாதத்தில் எனக்குப் பிடித்த முடிச்சு இது. பிரிவு பிரிவாகச் சட்டத்தைப் புரட்டி, உலகின் மற்றக் கூட்டாட்சிகளோடு ஒப்பிட்டு, இந்தத் திட்டம் விடுதலைக்கான வழியையே அடைத்துவிடும் என்று காட்டினார்.

போதுமான மன்னர்கள் சேரவில்லை. செப்டம்பரில் உலகப் போர் வந்தது. திட்டம் கிடப்பில் போனது. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 அன்று சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அதற்குள் பாபாசாகேப் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர்.

2002இல் கோபால் குரு இந்தியச் சமூக அறிவியலின் சமத்துவத்தைக் கேள்விக்குள்ளாக்கி ஒரு கட்டுரை எழுதினார். அரசியல் அறிவியல் பேராசிரியர். கோட்பாடு வகுப்பவர்கள் ஒரு பக்கம், தகவல் திரட்டிக் கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம் என்று ஆய்வுலகத்துக்குள்ளேயே ஒரு வருணப் பிரிவினை இருக்கிறது என்றார். நம்மையும் அவர் விடவில்லை. அனுபவம் சொல்வதோடு நின்றுவிடாமல் கோட்பாட்டுக்குள் இறங்கும் பொறுப்பு தலித்துகளுக்கு உண்டு என்றார். நண்பர்கள் சிலருக்கு அதில் கோபம். எனக்கும் முதலில் உறுத்தியது. அனுபவம் பேசுவது இழிவா என்ன? இல்லை. ஆனால் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேச நம்மைக் கூப்பிடுகிறவர்கள், ஊராட்சிக்கு என்ன அதிகாரம், காவல்துறை யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பேச வேறொருவரைக் கூப்பிடுகிறார்கள். இரண்டும் ஒரே பேச்சுதான் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

அன்று பிற்பகல் நான் கொண்டுபோன தாளைப் பையிலேயே வைத்துவிட்டேன். 1939 உரையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். துறையினர் முகத்தில் கொஞ்சம் சங்கடம். கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, "அந்தத் திட்டம் வந்திருந்தா நம்ம புதுக்கோட்டைக்காக டெல்லியில யார் உட்கார்ந்திருப்பாங்க?" என்று கேட்டார்.

"மன்னர் கைகாட்டுற ஆள்" என்றேன்.

"இந்த உரை எங்க சார் கிடைக்கும்?"

மகாராஷ்டிர அரசு 1979இல் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பின் முதல் தொகுதியில் இருக்கிறது. காலையில் பேசிய பேராசிரியரும் அதைக் குறித்துக்கொண்டார்.