முற்றமும் மதிலும்

கட்டடக் கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோயில்களையும் அரண்மனைகளையுமே பேசுவர். மனிதர் வாழ்ந்த வீடும் வரலாற்றுச் சான்றே. ஒரு நாட்டின் வெயிலும் மழையும் மட்டுமன்றி, அதன் சமுதாய உறவுகளும் வீட்டின் அமைப்பிலே பதிந்து கிடக்கின்றன.

கொழும்பு அல்பிரட் பிளேசில் 1960க்கும் 1962க்கும் இடையில் ஏனா டி சில்வாவுக்காக ஜெப்ரி பாவா அமைத்த வீட்டை நோக்குவோம். குடியேற்ற ஆட்சிக் காலத்துப் பங்களா, நாற்புறமும் தோட்டம் சூழக் காணியின் நடுவே நின்றது. நகரத்துச் சிறு காணிக்கு அம்முறை ஒவ்வாது. பாவா அதனைத் தலைகீழாக்கினார். எல்லையிலே மதிலை எழுப்பி, வெளியை வீட்டின் நடுவே கொணர்ந்தார். வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழத் தூண்கள் தாங்கிய விறாந்தைகள். தாழ்ந்திறங்கிய ஓட்டுக் கூரை. கூரை வெயிலைத் தடுத்தது. சூடேறிய காற்று முற்றத்தின் வழி மேலெழுந்தது. நிழலிற் குளிர்ந்த காற்று அறைகளினூடே உலவியது.

இவ்வமைப்பு ஒரு தனிமனிதரின் கனவிலே மட்டும் பிறந்ததன்று. சிங்கள வளவுகளின் 'மெதமிதுல' என்னும் நடுமுற்றம் அதற்கு முன்னோடி. பொருளாதாரக் காரணமும் உண்டு. அக்காலத்து அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட, கண்ணாடியும் உருக்கும் அரிதாயின. செங்கல், மரம், கருங்கல், ஓடு ஆகியவற்றையும், கொத்தரும் தச்சரும் வழிவழியாகப் பேணிய கைத்திறனையும் புதிய கலை நாடவேண்டியதாயிற்று. ஆயினும் அவர்களுடைய பெயர்கள் வரலாற்றில் ஏறவில்லை.

பாவாவுக்கு முன்னரே இவ்வழியில் நடந்தவர் மினெற் டி சில்வா. 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர். 1950களில் கண்டியை அடுத்த வட்டப்புளுவை வீடமைப்புத் திட்டத்தை வகுத்தபோது, குடியேற இருந்தோரிடமே அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்தார். செல்வர் மனைக்கு மட்டுமன்றிச் சாதாரண அரசாங்க ஊழியரின் இல்லத்துக்கும் இக்கலை உரியது என்பதை அத்திட்டம் காட்டிற்று.

பழைய முற்றத்தை நாம் கண்மூடிப் போற்றுதலும் தகாது. வளவு நிலவுடைமையின் இருப்பிடம். நமது யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றத்திலும் காற்றும் ஒளியும் தாராளமாக நுழைந்தன. ஒடுக்கப்பட்ட மனிதனோ வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டான்.

ஏனா டி சில்வாவின் வீடு பின்னர் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்திலே மீண்டும் எழுப்பப்பட்டது. ஒரு வீட்டைக் காக்க எடுத்த அம்முயற்சி பாராட்டத்தக்கதே. ஆனால், மலையகத்து லயன் அறைகளிலே காற்றும் ஒளியுமின்றி இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. கலைஞர் கண்டறிந்த நிழலும் காற்றும் அவர்களுடைய வீட்டுக்கும் எட்டும்வரை, நடுமுற்றத்தின் வரலாறு முழுமை பெற்றதாக நாம் கொள்ள முடியாது.